ஸ்டியரிங் எந்தப் பக்கம்

எங்கள் மறைமலை நகரில் பல வருஷம், நம் ஊர்ச் சாலைக்கு ஆகாத கார்களைச் செய்துகொண்டிருந்தார்கள். ஃபோர்டு ஆலையிலிருந்து வெளிநாடு போன வண்டிகளில் பலவற்றுக்கு ஸ்டியரிங் இடது பக்கம். 2018 தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஈகோஸ்போர்ட் கார்கள் எங்கள் ஊரில் செய்தவை. எட்டு மணி நேரம் இடது பக்கமாக ஸ்டியரிங் பூட்டிவிட்டு வெளியே வரும் பையன், வலது பக்கம் டிரைவர் உட்கார்ந்திருக்கிற கம்பெனி பஸ்ஸில் ஏறி, சிங்கப்பெருமாள் கோவிலிலோ செங்கல்பட்டிலோ இறங்கி வீட்டுக்குப் போவான். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருப்பது சரி என்று அவனிடம் கேட்டால், “எந்த ஊருக்குப் போற வண்டி சார்?” என்று திருப்பிக் கேட்பான்.

நான் ஃபோர்டில் வேலை பார்த்தவன் இல்லை. இங்குள்ள தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியின் டூல் ரூமில் டையும் ஜிக்கும் செய்து ஓய்வு பெற்றவன். மகன் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறான். எழுபதை நெருங்கியதிலிருந்து எனக்கும் என் மனைவிக்கும் அங்கே கொஞ்ச காலம், இங்கே கொஞ்ச காலம் என்று பிழைப்பு ஓடுகிறது. இந்த வட்டாரத்தில் இது அதிசயமில்லை. பொத்தேரியிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை தெருவுக்கு நாலு வீட்டில் இப்படிப் பெட்டி கட்டுகிற பெரியவர்கள் உண்டு. பார்வையாளர் விசாவில் போனால் அங்கே விமான நிலையத்து அதிகாரி வழக்கமாக ஆறு மாதம் தங்க அனுமதி கொடுப்பார். ஆறு மாதத்துக்கான சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி, டாக்டர் சீட்டோடு பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்புவோம்.

திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்பது, “அது பிடிச்சிருக்கா, இது பிடிச்சிருக்கா?” என்பது. பிடிப்பதும் பிடிக்காததும் பெரிய சங்கதியே இல்லை. அதற்குக் கீழே வேறொன்று கிடக்கிறது. அங்கே போய் நாலைந்து நாளில் மறைமலை நகர் கனவில் கண்ட ஊராகத் தோன்ற ஆரம்பித்துவிடும். அதிகாலை கம்பெனி பஸ்களின் ஹாரன், ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நிற்கும் சத்தம், மாடியில் காயும் வடகம், எல்லாம் எங்கோ எப்போதோ நடந்தவை போலாகிவிடும். இங்கே வந்து இறங்கினால், கிளாம்பாக்கம் தாண்டுவதற்குள் மிச்சிகன் கலைந்துவிடும். அந்தப் பனி, அந்த அமைதி, ஆளே இல்லாத நடைபாதை, இதெல்லாம் உண்மையில் இருக்கிறதா என்று சந்தேகமே வரும். எழுபது வயதில் இப்படி ஒரு மயக்கம் வந்தால் முதலில் டாக்டரிடம்தான் போகத் தோன்றும். ஆனால் இது நோயில்லை. அங்கே குளிர்காலத்தில் நடப்பதற்காக ஷாப்பிங் மாலுக்கு வரும் நம் ஊர்ப் பெரியவர்கள் பலரிடம் பேசிப் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரர், விஜயவாடாக்காரர், குஜராத்தி அம்மாள், எல்லோருக்கும் இதே கதை.

அவர்களில் பலர் இதற்கு ஒரு முடிவு கட்டிவிட்டார்கள். “நம்ம ஊர்தான் நிஜம் சார், இங்க எல்லாம் சினிமா செட்டு” என்பார் ஒருவர். இன்னொருவர், பேரன் பேத்தி பெரியவர்களான பிறகு, நேர் எதிராகச் சொல்வார்: “இனி எனக்கு அங்க என்ன இருக்கு? இதுதான் நிஜம்.” இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. ஏதாவது ஒரு ஊரைப் பொய்யாக்கினால்தான் மற்றது நிஜமாகும் என்று யார் சொன்னது? ஒருவர் எந்த ஊரைப் பொய் என்கிறாரோ அந்த ஊரில் அவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் நான் கவனித்தது. டீவி, சோபா, நாலு மணிக்குக் காபி. எதற்கும் அவரை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அப்படி இருந்தால் எந்த ஊரும் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற படம்தான்.

எனக்கு மிச்சிகன் கெட்டியானது ஒரு நட்டால். பேத்தியின் கட்டில் ஆடியது. பாகம் பாகமாகப் பிரித்து வாங்கி வந்து நாமே பூட்டிக்கொள்ளும் கட்டில். அதில் ஒரு நட்டு கழன்று எங்கோ போய்விட்டது. மகன் கடையிலிருந்து ஒன்று வாங்கி வந்தான். பார்க்க அதே அளவு. போல்ட்டில் வைத்துச் சுற்றினேன். முதல் சுற்று லொடலொடவென்று போனது, இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. ஸ்பேனரைக் கொடுங்கப்பா, நான் அழுத்திச் சுத்திடறேன் என்றான் மகன். வேண்டாம் என்றேன். அளந்து பார்க்காமலே கைக்குத் தெரிந்துவிட்டது: போல்ட் ஆறு மில்லிமீட்டர், நட்டு ரெண்டு நூல். அதாவது கால் அங்குலம், 6.35 மில்லிமீட்டர். கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மரை வேறு: போல்ட்டில் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும், நட்டில் 1.27 ஏறும். அழுத்தினால் இரண்டு மரையும் போயிருக்கும்.

நூல் கணக்கு எனக்கு எங்கிருந்து தெரியும் என்றால், நான் தொழில் கற்றது அந்தக் கணக்கில்தான். அங்குலத்துக்கு எட்டு நூல். இந்தியாவில் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956இல். சட்டம் வந்து பல வருஷம் ஆன பிறகும் பட்டறைகளில் பழைய சீமை லேத்துகள் அங்குலத்திலேயே ஓடின. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி நூலில் கேட்பார், வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கும். இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தோம். இன்றைக்கும் பைப் கடையிலும் தச்சரிடமும் அங்குலமும் நூலும்தான் பேச்சு. அமெரிக்காவிலோ அது தலைகீழாக நிற்கிறது. மகன் வீட்டு கராஜில் நிற்கிற காரின் போல்ட்டுகள் மெட்ரிக். அந்தக் காருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிற அலமாரி அங்குலம். கார்க் கம்பெனிகள் உலகச் சந்தைக்காக மாறிவிட்டன, வீடு மாறவில்லை.

மறுநாள் நானே கடைக்குப் போனேன். மெனார்ட்ஸ் என்று பெரிய இரும்பு, மரச் சாமான் கடை. விக்சம் என்ற ஊரில் இருக்கிறது. நட்டும் போல்ட்டும் வைத்திருக்கும் வரிசையே நம் ஊர்த் தெரு நீளம். மெட்ரிக் சாமான்கள் ஓரத்தில் சின்ன டிராயர்களில். ஆறு மில்லிமீட்டர் நட்டை எடுத்து, விரலால் மரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகன் போகிற போக்கில் சொன்னான்: “முன்னால இங்க ஃபோர்டு பிளான்ட் இருந்துச்சுப்பா. மூடிட்டாங்க. அந்த இடத்துலதான் இந்தக் கடை.”

விக்சம் ஆலை 1957இல் தொடங்கியது. லிங்கன் என்ற உயர்ந்த ரகக் கார்களைச் செய்தது. சரியாக ஐம்பது வருஷம் ஓடி 2007இல் மூடப்பட்டது. பிறகு இடித்துத் தள்ளினார்கள். எங்கள் ஊர் ஆலையின் கதை உங்களுக்குத் தெரியும். 1995இல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்து, 1999இல் ஐகான், 2010இல் ஃபிகோ, 2013இல் ஈகோஸ்போர்ட் என்று செய்தவர்கள், 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். மறைமலை நகரில் கடைசிக் கார் வெளியே வந்தது 2022 ஜூலையில்.

அந்த அறிவிப்பு வந்த சமயம் எங்கள் தெருவில் இருந்த பேச்சு நினைவிருக்கிறது. டீக்கடையில், சலூனில், ரேஷன் கடை வரிசையில் எல்லாம் அதே பேச்சு. எங்கோ ஒரு கடவுள் கோபித்துக்கொண்ட மாதிரிதான் பேசினார்கள். “அமெரிக்காவுல முடிவு பண்ணிட்டாங்களாம்.” அந்த ‘அமெரிக்கா’வுக்கு முகம் கிடையாது, தெரு கிடையாது, டீக்கடை கிடையாது. விமானமே ஏறாத, பாஸ்போர்ட்டே எடுக்காத எத்தனையோ பேர் இருபது வருஷமாக இரண்டு நாட்டில் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஷிப்ட் நேரம், ஆர்டர், போனஸ், வீட்டுக் கடன் தவணை எல்லாவற்றின் இன்னொரு நுனி ஃபோர்டின் தலைமையகம் இருக்கிற டியர்பார்ன் என்ற ஊரில் இருந்திருக்கிறது. அந்த ஊரை அவர்கள் பார்த்ததில்லை. இங்கே சுவர் இருந்தது, கேட் இருந்தது, உள்ளே மெஷின் இருந்தது. ஆனால் அவை இருப்பதா வேண்டாமா என்பது வேறு கண்டத்தில் இருந்தது.

விக்சமில் அந்த நட்டு வரிசையில் நின்றபோது அந்த அமெரிக்காவுக்கும் ஒரு முகம் வந்தது. அங்கேயும் ஐம்பது வருஷம் ஷிப்ட் போனவர்கள் இருந்திருக்கிறார்கள். கேட்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை இருந்திருக்கும். தவணை கட்டாமல் வீட்டை விட்டவர்கள் இருந்திருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கடவுளாக நினைத்த இடத்தில், எங்களைப் போலவே கேட் மூடப்பட்ட ஊர் ஒன்று இருக்கிறது. இதில் ஆறுதல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. வேலை போனவனுக்கு இன்னொருவனுக்கும் போனது என்பது ஒரு ஆறுதலா? ஆனால் ஒரு தெளிவு கிடைத்தது. இரண்டு பக்கமும் நின்று பார்த்தவனுக்குத் தூரத்து ஊர் விதியாகத் தெரியாது. அங்கேயும் ஆட்கள் கணக்குப் போடுகிறார்கள், அந்தக் கணக்கு சில சமயம் தப்பும். 2024 செப்டம்பரில் அதே கம்பெனி இங்கே திரும்பி வர விரும்புவதாகத் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய் செலவில் 2029இலிருந்து இங்கே என்ஜின் செய்யப்போவதாக ஒப்பந்தம் ஆயிற்று. இதைக் கேட்டுத் துள்ளியவர்களையும் பார்த்தேன், ‘வரட்டும் பார்க்கலாம்’ என்று பீடியைப் பற்றவைத்தவர்களையும் பார்த்தேன். பீடி பற்றவைத்தவர்கள் பக்கம்தான் நான்.

டியர்பார்னுக்கும் மகன் கூட்டிப் போனான். ஹென்றி ஃபோர்டு அங்கே ஒரு கிராமத்தையே ஜோடித்து வைத்திருக்கிறார். கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் என்று பெயர், 1929இல் தொடங்கி வைத்தது. எடிசன் வேலை செய்த பரிசோதனைக் கூடம், ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை, ஃபோர்டு பிறந்த பண்ணை வீடு, எல்லாவற்றையும் அவையவை இருந்த இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நட்டிருக்கிறார். குதிரை வண்டி ஓடுகிறது. குதிரை வண்டி ஊர்களைக் காரால் ஒழித்த மனிதர், அந்த ஊரை மறக்க முடியாமல் காசு கொடுத்து மறுபடி கட்டியிருக்கிறார். அவரும் இரண்டு நாட்டுக்கு நடுவில் வாழ்ந்தவர்தான் என்று எனக்குப் பட்டது. ஒன்று அவர் பிறந்த நாடு, மற்றது அவரே செய்த நாடு. நம் பக்கத்திலும் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். அழகான வீடு. அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் அந்த வீட்டில் யாரும் இல்லை.

அதே ஃபோர்டு 1910களில் இன்னொரு காரியமும் செய்தார். ஐரோப்பாவின் மூலை முடுக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். படித்து முடித்தவர்களுக்கு விழா. மேடையில் ஒரு பிரம்மாண்டமான அண்டா. கப்பலிலிருந்து இறங்குவது போல, அவரவர் நாட்டு உடையில், மூட்டையோடு வந்து அந்த அண்டாவுக்குள் இறங்க வேண்டும். ஆசிரியர்கள் நீளமான கரண்டியால் கிண்டுவார்கள். மறுபக்கம் வெளியே வரும்போது எல்லோரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டில், கையில் அமெரிக்கக் கொடியோடு. நாடகம்தான் என்றாலும் சும்மா நாடகம் இல்லை. 1914இல் நாளைக்கு ஐந்து டாலர் சம்பளம் என்று உலகமே வியக்க அறிவித்தபோது, அதை முழுசாக வாங்க வேண்டுமானால் தொழிலாளி வீட்டில் எப்படி வாழ்கிறான் என்று கம்பெனி ஆட்கள் நேரில் வந்து பார்த்துத் திருப்திப்பட வேண்டும் என்றிருந்தது. ஒரே ஆளுக்குள் இரண்டு நாடு இருப்பது அந்தக் காலத்து முதலாளிக்குத் தாங்கவில்லை.

நம் ஆட்கள் செய்தது இதற்கு நேர் எதிர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார்கள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அண்டாவில் இறங்கவே இல்லை. பெட்டியடிப் பையனாகப் போவார்கள், அடுத்தாளாவார்கள், மேலாளாவார்கள். மூன்று வருஷத் தவணை, கிட்டங்கி என்ற கடைக்கூடத்தில் பாய், ஊர்ச் சாப்பாடு, ஊர்க் கணக்கு. தவணை முடிந்தால் காரைக்குடிப் பக்கம் திரும்பி, சில காலம் கழித்து மறுபடி கப்பல். மனைவி மக்கள் ஊரிலேயே. கணக்கில் மட்டும் ரங்கூன் இருந்தது, மனதில் ஊர் இருந்தது. சம்பாத்தியமெல்லாம் பர்மாத் தேக்காக வந்து ஊரில் மாளிகையாக நின்றது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தில் அது நிலுவை. அங்கே உழுதவனுக்கோ அது அவன் பாட்டன் மண். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோதும், பிறகு பர்மா சுதந்திரம் அடைந்தபோதும் அந்த நிலம் போயிற்று. 1960களில் நெ வின் ஆட்சி கடைகளைத் தேசியமயமாக்கியபோது, வட்டிக்கடை வைத்திராத சாதாரணத் தமிழர்களும் கப்பலேறி வந்தார்கள். சென்னையில் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார் வந்ததும் தள்ளுவண்டிகளில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் வந்ததும் அப்படித்தான்.

நகரத்தாரின் ஒழுங்கை நான் மதிக்கிறேன். கணக்கில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வாழ்கிற ஊரைத் தவணையாகவும், வாழாத ஊரை வாழ்க்கையாகவும் வைத்துக்கொண்டது சரிப்பட்டு வரவில்லை என்றே நினைக்கிறேன். இப்போது கூடுவாஞ்சேரி, காட்டாங்குளத்தூர் பக்கம் அடுக்குமாடிகளில் பார்த்தால் அதே கதை சின்ன அளவில் நடக்கிறது. டல்லாஸிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் வாங்கிப் போட்ட வீடுகள். மூன்று படுக்கையறை, மாடுலர் கிச்சன், உள்ளே புறா எச்சம். மெயின்டனன்ஸ் மாதாமாதம் சரியாக வந்துவிடும். “ஊர்ல ஒரு வீடு இருக்கணும் அங்கிள்” என்பார்கள். யார் இருப்பதற்கு என்று நான் கேட்பதில்லை.

இங்கே வந்து இரண்டு நாட்டில் வாழ்கிறவர்களும் உண்டு. 1998இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை வெளியே விட்டதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியர்கள் குடியிருக்கிறார்கள். ஓட்டல் பலகைகளில் கொரிய எழுத்து. தனித்தமிழுக்காகத் தன் பெயரையே மாற்றிக்கொண்ட மறைமலையடிகள் பெயரில் ஊர் வைத்துவிட்டு, அதைச் சுற்றி உலகத்து எழுத்தையெல்லாம் வரவழைத்திருக்கிறோம். கொரியர்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அவர்கள் வாழ்வது கார்க் கண்ணாடிக்கு உள்ளே. எனக்குத் தெரிந்தவர்கள் ஒடிசா, பீகார், அசாம் பையன்கள். ஒரு அறையில் ஆறு பேர், ஷிப்ட் மாற்றிப் படுப்பார்கள். ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து வீடியோவில் வீட்டோடு பேசுவார்கள். அம்மா அடுப்பைக் காட்டுவாள், தங்கை ஆட்டுக்குட்டியைக் காட்டுவாள். போனை வைத்த பிறகு அவன் நிமிர்ந்து எங்கள் தெருவைப் பார்ப்பான் பாருங்கள், அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மிச்சிகனில் சமையலறை ஜன்னல் வழியாக நான் பார்த்த பார்வை அது. எங்கள் தெரு அவனுக்குச் சினிமா செட்டு. இது எங்கள் தெருக்காரர்கள் பலருக்குப் புரிவதில்லை. ஊரோடு ஒட்டமாட்டேன் என்கிறான் என்று குறை சொல்வார்கள். பேர் கேட்டுக் கூப்பிட்டு, கோவில் கஞ்சி ஊற்றும்போது ஒரு வாளியைத் தூக்கச் சொன்னால் ஒட்டுவான். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படித்தான் ஒட்டினான். இப்போது ஆடி மாதம் வந்தால் வசூல் நோட்டு அவன் கையில்.

அங்கே எனக்கு நடந்ததும் இதேதான். கட்டில் சரியான பிறகு, மருமகளின் தோழி வீட்டு கராஜ் கதவு, எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவரின் அறுவை மெஷின் என்று ஒவ்வொன்றாக வந்தது. காசு வாங்கக் கூடாது, வாங்குவதும் இல்லை. அந்தக் கிழவர் பழைய டூல் அண்ட் டை ஆள். அவர் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியாது, என் இங்கிலீஷ் அவருக்குக் கால்வாசி. மைக்ரோமீட்டரை எடுத்து வைத்தால் பேச்சு ஓடும். அதன் பிறகு இங்கே வந்து இறங்கினாலும் மிச்சிகன் கலைவதில்லை. அவர் மெஷினுக்கு ஒரு புஷ் கடைந்து கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன வேலை இருக்கிற ஊர் எப்படிக் கனவாகும்?

கடிகாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரியவர்கள் அதிகம் அவதிப்படுவது அதில்தான். மிச்சிகன் நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி பின்னால். நடுவில் மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைப்பார்கள். “இப்ப அங்க மணி என்ன, உண்மையான மணி என்ன?” என்று ஊரிலிருந்து என் அக்கா கேட்பாள். உண்மையான மணி என்று ஒன்று இல்லை அக்கா. 1906 வரைக்கும் மெட்ராஸுக்கே தனி மணி இருந்தது, இப்போதைய இந்திய நேரத்துக்கு ஒன்பது நிமிஷம் பின்னால். வெள்ளைக்காரன் ஏற்பாட்டை மாற்றினான், நாமும் கடிகாரத்தை மாற்றிக்கொண்டோம், சூரியன் மாறவில்லை. அங்கே இருக்கும்போது கையில் அங்கத்து மணி மட்டும் கட்டுங்கள். ‘இப்ப ஊர்ல தூங்கிட்டிருப்பாங்க’ என்று எதற்கெடுத்தாலும் கணக்குப் போடுகிறவர் இரண்டு ஊரிலும் தூங்கமாட்டார்.

அரசாங்கத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. ஆள் எங்கே இருக்கிறான் என்பதற்கு அதனிடம் காகிதம் இருக்கிறது. எனக்கு வருவது பி.எஃப். பென்ஷன், அதில் குறைந்தபட்சத் தொகையே மாதம் 1,000 ரூபாய் என்றால் மற்றதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். அந்தத் தொகைக்கு வருஷம் ஒரு முறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் இ-சேவையிலோ போனில் முகத்தைக் காட்டியோ அதை முடித்துவிட வேண்டும். ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்தால் வங்கி ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. வராவிட்டால் உங்கள் பணமே உங்களுடையது இல்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது வீடு வீடாகப் படிவம் வந்தது. பூட்டிய வீட்டுக்காரர்கள் போனில் அலறினார்கள். ஆகவே வீட்டுச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வாரம் ஒரு முறை திறந்து, விளக்குப் போட்டு, குழாயைத் திறந்துவிடச் சொல்லுங்கள். முடிந்தால் கஷ்டப்படுகிற ஒரு குடும்பத்தை மாடியில் குடிவையுங்கள். ஒரு மின்சாரக் கட்டணமாவது உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருந்தால்தான் ஊர் உங்களை மறக்காது.

இதையெல்லாம் எழுதி என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். வேலை இருக்கிற ஊர்தான் நிஜம் என்ற இடம் வந்ததும் அரிவாள்மணையை நகர்த்திவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்படின்னா எனக்கு ரெண்டு ஊரும் எப்பவுமே நிஜம்தான். இங்கயும் காலைல சட்னி, அங்கயும் காலைல சட்னி. உங்களுக்கு ஒரு நட்டு கிடைச்சப்புறம்தான் அந்த ஊர் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு போன அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, சிங்க்ல கிடந்த பாத்திரத்தைப் பார்த்து.”

அவள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. மாலில் நடக்கிற பெரியவர்களிடம் கேட்ட நான், அவர்கள் வீட்டு அம்மாக்களிடம் அதிகம் கேட்கவில்லை என்பதும் நிஜம். அவர்களுக்குக் கனவு வர நேரம் எங்கே? குழந்தை அழும், பால் பொங்கும், மருமகளுக்கு மீட்டிங். கொண்டுவிற்கப் போன ஆண்களின் வீட்டை மூன்று மூன்று வருஷமாக நடத்திய ஆச்சிகளிடம் யாராவது எது நிஜம் என்று கேட்டிருந்தால், என் கட்டுரை பாதியாகக் குறைந்திருக்கும்.

அத்தோடு விட்டாளா என்றால் இல்லை. அடுத்த பயணத்துக்கு அவள் வரவில்லையாம். இங்கே அவள் தங்கைக்குக் கண் ஆபரேஷன் இருக்கிறது, சிங்கப்பெருமாள் கோவிலில் கிரிவலம் விட்டுப்போகிறது, மாடியில் வைத்த கத்தரி காய்க்கிற நேரம். “நீங்க போய்ச் சமைச்சுப் போடுங்க, புஷ்ஷும் கடைஞ்சு குடுங்க” என்று சொல்லிவிட்டாள். ஒரு டிக்கெட்தான் போட்டிருக்கிறது. சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன். மருமகளிடம் இன்னும் சொல்லவில்லை.